இரண்டு ஸ்டாப் குறைகிறது: கெயினை ஏற்றலாமா, வேறு வழி பார்க்கலாமா?

கல்யாண வீடியோ வேலை, மாலை வரவேற்பு. மணமக்கள் நிற்கும் இடத்தில் வெளிச்சம் 60 லக்ஸ். கையில் இருப்பது எஃப் 4 ஜூம் லென்ஸ். 25பி (நொடிக்கு 25 ஃபிரேம்), ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 800. இந்த செட்டிங்குக்குச் சரியான எக்ஸ்போஷர் விழ ஏறத்தாழ 250 லக்ஸ் வேண்டும். இருப்பதோ அதில் கால்வாசி. வெளிச்சம் பாதியாவது ஒரு ஸ்டாப்; ஆக, இரண்டு ஸ்டாப் பற்றாக்குறை.

அந்த இரண்டு ஸ்டாப்பை ஐந்து இடங்களிலிருந்து எடுக்கலாம்: லென்ஸின் ஐரிஸ் (ஒளி நுழையும் திறப்பு; எஃப் எண் சின்னதானால் திறப்பு பெரிது), ஷட்டர், கூடுதல் லைட், கெயின் (அல்லது ஐஎஸ்ஓ), கடைசியாக எடிட்டிங். எதைத் தொட்டாலும் படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் கோடு ஒரே உயரத்துக்குத்தான் ஏறும். ஆனால் படம் ஒன்றுபோல வராது. ஒன்று ஃபோகஸைக் கேட்கும், ஒன்று அசைவைக் குழப்பும், ஒன்று மண்டபத்தின் அழகைக் கெடுக்கும், ஒன்று கிரெய்ன்ஸ் (நெளியும் புள்ளிகள்) அடிக்கும். எந்த இடத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

குறைவது நிஜம்தானா?

கெயின் பட்டனைத் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். பாதி நேரம் அந்தப் பற்றாக்குறையே கற்பனை.

முகத்தில் ஜீப்ரா (குறித்த வெளிச்ச அளவை எட்டிய இடத்தில் திரையில் தெரியும் வரிக்கோடு) 70 விழ வேண்டும் என்று ஒரு பழைய பாடம் உண்டு. அது வெள்ளைக்காரர்களின் தோலை வைத்து வகுத்த கணக்கு. நம் மாநிறத்துக்கு சாதாரண ரெக்.709 (வழக்கமான டிவி தரம்) படத்தில் முகத்தின் வெளிச்சப் பக்கம் 55 அளவில் நின்றால் போதும்; கறுத்த முகம் 45க்கும் 50க்கும் நடுவில் இருந்தாலே இயல்பாகத் தெரியும். மாப்பிள்ளையின் முகத்தை 70க்குக் கொண்டுபோக கெயினை ஏற்றுகிறவர் முக்கால் ஸ்டாப்பை வீணாகச் செலவழிக்கிறார். கூடவே வேட்டியும் மல்லிகைச் சரமும் ஜரிகையும் பர்ன் ஆகிவிடும், அதாவது வெளுத்து விவரம் போய்விடும். பர்ன் ஆன ஜரிகையை எந்த எடிட்டராலும் மீட்க முடியாது.

எல்சிடி திரையை நம்புவது இதற்கு நேர்மாறான தப்பு. இருட்டான மண்டபத்தில் அந்தச் சின்னத் திரை பளிச்சென்று தெரியும். படம் சரியாக இருப்பதாகத் தோன்றும். வீட்டுக்கு வந்து பார்த்தால் அண்டர். திரையின் பிரைட்னஸை ஒரே நிலையில் நிறுத்திவிட்டு வேவ்ஃபார்மையோ ஜீப்ராவையோ பார்த்து முடிவெடுங்கள். ஜீப்ரா இரண்டு வைக்க முடிகிற கேமராவென்றால் ஒன்று 55இல் முகத்துக்கு, இன்னொன்று 95இல் வேட்டிக்கும் ஜரிகைக்கும்.

கெயின் என்ன செய்கிறது, என்ன செய்யாது

கெயினை ஏற்றினால் சென்சாருக்குக் கண் கூர்மையாகிவிடாது. வந்து விழும் ஒளி அதேதான். அதிலிருந்து பிறக்கும் மின் சிக்னலைப் பெருக்குகிறோம், அவ்வளவுதான். சின்ன மைக்கில் பேசுகிறவரின் குரல் கேட்கவில்லை என்று ஆம்ப்ளிஃபயரைத் திருகினால் குரலோடு ஃபேன் சத்தமும் ஏறுமே, அதுபோல.

கணக்கு எளிது. 6 டெசிபல் ஒரு ஸ்டாப். 3 டெசிபல் அரை ஸ்டாப். ஒரு கேமராவில் 0 டெசிபல் என்பது ஐஎஸ்ஓ 800க்குச் சமம் என்றால் 6 டெசிபல் 1600, 12 டெசிபல் 3200, 18 டெசிபல் 6400. நம் இரண்டு ஸ்டாப் என்பது 12 டெசிபல். 3 டெசிபலை ஒரு ஸ்டாப் என்று நினைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேமரா இரண்டு வைத்து எடுக்கும்போது ஒன்றில் ஐஎஸ்ஓவும் மற்றதில் கெயினும் இருந்தால் இந்தத் தப்பு உடனே பல்லைக் காட்டும்.

இன்னொரு வழுக்கல்: 0 டெசிபல் என்பது எல்லாக் கேமராவிலும் ஒரே ஐஎஸ்ஓ கிடையாது. ஒரே கேமராவில்கூட பிக்சர் புரொஃபைலை மாற்றினால் மாறும். சாதாரண புரொஃபைலில் குறைந்த எண்ணிலிருந்து தொடங்கும் கேமரா, லாக் (பிறகு நிறம் ஏற்றுவதற்காகத் தட்டையாகப் பதியும் முறை) போட்டதும் 640 அல்லது 800க்குக் கீழே இறங்க மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்சாரின் நிலை மாறவில்லை. ஹைலைட்டுக்கு அதிக இடம் ஒதுக்கிவிட்டதால், அதே பெருக்கத்துக்கு வேறு எண் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டு கேமராவை ஐஎஸ்ஓ எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுதான் வரும்.

கிரெய்ன்ஸ் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு, ஒளியின் பற்றாக்குறையிலிருந்தே வருகிறது. ஒளி துகள் துகளாக, ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும், அதாவது 1 சதவீதம். 100 துகள்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10. அது 10 சதவீதம், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். வெளிச்சம் கால்வாசியானால் படத்தின் சுத்தம் பாதியாகிறது. இது கெயினைத் தொடாவிட்டாலும் நடக்கும். கெயின் அதை வெளியே காட்டிக்கொடுக்கிறது.

இதற்கு மேல், சென்சாரின் மின்சுற்றே சேர்க்கும் இரைச்சல் ஒன்று இருக்கிறது. சிக்னலை டிஜிட்டலாக மாற்றுவதற்கு முன்பே கேமராவுக்குள் பெருக்கிவிட்டால் அதற்குப் பின்னால் சேரும் இரைச்சலின் பங்கு குறைந்துவிடும். அதனால்தான் கேமராவில் 12 டெசிபல் ஏற்றி எடுத்த படம், இருட்டாக எடுத்து எடிட்டிங்கில் 12 டெசிபல் தூக்கிய படத்தைவிட நிழல் பகுதியில் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு எல்லைக்கு மேல் கேமராவும் வெறும் எண்ணைத்தான் பெருக்குகிறது. மெனுவில் மேலும் கீழும் கோடு போட்டு ‘எக்ஸ்பாண்டட்’ என்று காட்டும் ஐஎஸ்ஓக்கள் அந்த ரகம். அங்கே போவதில் ஒரு லாபமும் இல்லை.

ஐரிஸ்: முதலில் கேட்க வேண்டிய இடம்

எஃப் 4 லென்ஸைக் கழற்றிவிட்டு 50 எம்எம் எஃப் 1.8 மாட்டி எஃப் 2இல் வைத்தால் இரண்டு ஸ்டாப்பும் தீர்ந்தது. இது நிஜமான ஒளி. சென்சாரில் நான்கு மடங்கு கூடுதலாக விழுகிறது, கிரெய்ன்ஸ் குறைகிறது. விலை, ஃபோகஸ் ஆழம்.

ஃபுல் ஃபிரேம் கேமராவில், 50 எம்எம் லென்ஸில், 3 மீட்டர் தூரத்தில் எஃப் 4 என்றால் முன்பின்னாக சுமார் 86 செ.மீ. ஷார்ப்பாக இருக்கும். எஃப் 2இல் அது 43 செ.மீ. மணமக்கள் மட்டும் தோளோடு தோள் நின்றால் போதும். பின்னால் அத்தையும் மாமாவும் வந்து நின்றால் அவர்கள் சாஃப்ட். 85 எம்எம் மாட்டினால் நிலைமை இன்னும் இறுக்கம்: எஃப் 2இல் 15 செ.மீ. மட்டுமே. தாலி கட்டும் கை ஷார்ப், முகம் அவுட் என்று ஆகிவிடும். அந்த ஒரு நிமிடத்துக்கு மறு டேக் கிடையாது. கண்ணைத் தொடரும் ஆட்டோஃபோகஸ் நம்பகமாக இருந்தாலொழிய, அங்கே 85ஐ எஃப் 2.8க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்.

ஹேண்டிகேம் வகையில் லென்ஸைக் கழற்ற முடியாது. ஆனால் அங்கே பலர் கவனிக்காத ஒரு கசிவு இருக்கிறது. 1 இன்ச் சென்சார் கேமராக்களில் சோனி என்எக்ஸ்100 போன்றவற்றின் லென்ஸ், வைடில் எஃப் 2.8, முழுக்க ஜூம் போனால் எஃப் 4.5. அந்த வித்தியாசம் ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல், கெயின் கணக்கில் 8 டெசிபல். மண்டபத்தின் கடைசியில் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு ஜூமில் மேடையை எடுக்கிறவர், சும்மா 8 டெசிபலைத் தொலைக்கிறார். ஆட்டோ கெயினில் விட்டிருந்தால் ஜூம் பண்ணப் பண்ண படம் கிரெய்ன்ஸ் ஆவதன் காரணம் இதுதான். ஸ்டாண்டை நாற்காலி வரிசைக்கு முன்னால் கொண்டுவருவது காசு செலவில்லாத வைத்தியம்.

ஷட்டர்: ஒரு ஸ்டாப் மட்டும், அதுவும் பார்த்து

25பியில் 1/50ஐ 1/25 ஆக்கினால் ஒரு ஸ்டாப் கிடைக்கும். அதற்குக் கீழே போக வழியில்லை. ஒரு ஃபிரேமின் முழு நேரமே 1/25தான். கை அசைந்தால் இழுபடும். மந்திரம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சிக்குப் பரவாயில்லை. டான்ஸுக்கும் ஊஞ்சலுக்கும் ஆகாது. கேமராவைக் கையில் பிடித்து நடந்தால் வெறும் மசமசப்பு.

இதைவிடப் பெரிய ஒரு ஸ்டாப் வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. ஸ்லோமோஷனுக்கு இருக்கட்டும் என்று முழு நிகழ்ச்சியையும் 50பியில் எடுப்பவர்கள் ஷட்டரை 1/100இல் வைக்கிறார்கள். 25பிக்கு மாறி 1/50 வைத்தால் உடனே ஒரு ஸ்டாப், அசைவும் இயல்பு. ஸ்லோமோஷன் வேண்டியது அட்சதை விழும் பத்து நொடிக்கும் மாலை மாற்றும் இருபது நொடிக்கும்தான். அதற்காக மூன்று மணி நேரத்தையும் 6 டெசிபல் அதிகமாக எடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/25, 1/50, 1/100 மூன்றும் பத்திரம். கேமரா என்டிஎஸ்சியில் (அமெரிக்க டிவி முறை) இருந்து 30பி எடுக்க வேண்டி வந்தால்கூட ஷட்டரை 1/60இல் விடாமல் 1/50இல் வையுங்கள். இல்லையென்றால் படம் மெல்ல மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கும். மேடைக்குப் பின்னால் எல்இடி வால் இருந்தால் இந்த மூன்று எண்ணும் கைகொடுக்காமல் போகலாம். அங்கே ஷட்டரைப் பொடிப்பொடியாக நகர்த்தும் வசதி (சோனியில் ஈசிஎஸ் அல்லது வேரியபிள் ஷட்டர், பானசோனிக்கில் சிங்க்ரோ ஸ்கேன்) வேண்டும். கோடு மறையும் எண் 1/52ஆகவும் இருக்கலாம், 1/63ஆகவும் இருக்கலாம். பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

லைட்: சுத்தமான வழி, மண்டபம் விரும்பாத வழி

60 லக்ஸை 240 ஆக்கினால் கதை முடிந்தது. இருக்கும் எல்இடி லைட்டை 4 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு நகர்த்தினாலே அதன் வெளிச்சம் நான்கு மடங்காகும். கூடுதல் லைட்டே வேண்டியதில்லை. தூரம் பாதியானால் இரண்டு ஸ்டாப். லைட் பாய்க்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும்.

கேமரா தலையில் மாட்டும் சின்ன லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1 மீட்டரில் இருப்பவர்மேல் விழுவதில் பதினாறில் ஒரு பங்குதான் 4 மீட்டரில் இருப்பவருக்குக் கிடைக்கும். முன்னால் இருப்பவர் முகம் வெளுத்துப் போகும், பின்னணி கிணறாகும், விருந்தினர் கண்ணைச் சுருக்குவார். பந்தியில் இலைக்கு இலை நடந்து எடுக்க அது உதவும். மேடைக்கு உதவாது. மேடைக்கு வேண்டியது இரண்டு பக்கமும் 45 டிகிரியில், தலைக்கு மேலான உயரத்தில், சாஃப்ட்பாக்ஸ் போட்ட இரண்டு லைட்.

வெளிச்சத்தின் நிறமும் கெயின் விஷயத்தில் தலையிடுகிறது. இதை அதிகம் பேர் பேசுவதில்லை. மஞ்சள் பல்பிலும் ஹோமத் தீயிலும் நீல ஒளி மிகக் குறைவு. ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்கு வைக்கும்போது கேமரா என்ன செய்கிறது? பசியோடு இருக்கும் நீலச் சேனலை மட்டும் தனியாகப் பெருக்குகிறது. நீங்கள் 0 டெசிபலில் இருந்தாலும் நீலத்துக்குள் ரகசியமாகக் கெயின் ஏறியிருக்கிறது. மணப்பெண்ணின் கருங்கூந்தலிலும் அரக்குப் பட்டின் மடிப்பிலும் நீலமும் ஊதாவுமாகப் புள்ளிகள் நெளிவது அதனால்தான். அதே 60 லக்ஸ் 5600 கெல்வின் எல்இடியிலிருந்து வந்தால் அதே ஐஎஸ்ஓவில் படம் கூடுதல் சுத்தம். அதற்காக மஞ்சள் மண்டபத்தில் ஒரு வெள்ளை எல்இடியைச் சொருகினால் முகம் நீலம், பின்னணி ஆரஞ்சு. வெள்ளை லைட் வைப்பதாக இருந்தால் மொத்த மேடையையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் எல்இடியை 3200 பக்கம் திருப்பிவிட்டு நீலப் புள்ளியைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

கெயின்: எந்தக் கேமராவில் எவ்வளவு

இதற்குப் பொதுவான எண் கிடையாது. சென்சாரின் அளவு தீர்மானிக்கிறது. ஃபுல் ஃபிரேம் 36 × 24 மி.மீ. 1 இன்ச் சென்சார் 13.2 × 8.8. பரப்பளவில் ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரே எஃப் எண்ணில், ஒரே ஷட்டரில், பெரியது ஏறத்தாழ மூன்று ஸ்டாப் அதிக ஒளியைச் சேர்க்கிறது. எனவே 1 இன்ச் கேமராவில் 6 டெசிபல் வரை யோசிக்காமல் போகலாம், 12 கட்டாயத்துக்கு, 18 ‘படம் இல்லாமல் போவதைவிட மேல்’ என்ற நிலைக்கு. தோளில் வைக்கும் சோனி எம்சி2500 பார்வைக்குப் பெரிய கேமரா. உள்ளே இருப்பது 1/4 இன்ச் சென்சார். அதில் 9 டெசிபலுக்கே நிழல் கொதிக்கத் தொடங்கிவிடும். உடம்பின் அளவைப் பார்த்து கெயின் ஏற்றக்கூடாது.

எல், எம், எச் (குறைவு, நடு, உயர்வு) என்று கெயின் சுவிட்ச் இருக்கும் கேமராக்களில் ஆலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 0, 9, 18 என்று இருக்கும். ஒன்றரை ஸ்டாப் தாவல். நடு நிகழ்ச்சியில் தட்டினால் பார்ப்பவருக்குத் துள்ளல் தெரியும். மெனுவில் போய் 0, 6, 12 என்று மாற்றிவைத்தால் ஐரிஸின் ஒரு ஸ்டாப்போடு கணக்கும் ஒத்துப்போகும்.

இரட்டை பேஸ் ஐஎஸ்ஓ உள்ள கேமரா வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன வரிசையே மாறுகிறது. சென்சாரிலேயே இரண்டு தனித்தனி மின்பாதைகள். இரண்டாவது பாதையில் இரைச்சல் குறைவு. பானசோனிக் 2014இல் வேரிகேம் 35இல் 800, 5000 என்று கொண்டுவந்த ஏற்பாடு இன்று சின்னக் கேமராக்களிலும் வந்துவிட்டது. சோனி எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்6 இரண்டிலும் எஸ்-லாக்3க்கு (சோனியின் லாக்) 800, 12800. எஃப்எக்ஸ்30இல் 800, 2500. பானசோனிக் ஜிஎச்5எஸ் சாதாரண புரொஃபைலில் 400, 2500. வி-லாக்கில் (பானசோனிக்கின் லாக்) 800, 5000. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கேயில் 400, 3200.

இங்கே உள்ளுணர்வு ஏமாற்றும். எஃப்எக்ஸ்3இல் எஸ்-லாக்3 போட்டு 800 பத்தவில்லை என்று 6400, 8000, 10000 என ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். ஒவ்வொரு படியிலும் கிரெய்ன்ஸ் கூடுகிறது. 12800க்குப் போனதும் திடீரென்று படம் தெளிகிறது. சின்ன எண் சுத்தம், பெரிய எண் அழுக்கு என்ற பழக்கம் இந்தக் கேமராக்களில் செல்லாது. மண்டபத்தில் 3200க்கு மேல் தேவைப்பட்டால் நடுவில் நிற்காமல் 12800க்கே தாவுங்கள். வெளிச்சம் அதிகமாகிவிட்டால் லென்ஸில் என்டி ஃபில்டரை (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) போட்டுக் குறையுங்கள். உள்ளரங்கில் என்டி போடுவதைப் பார்த்து மற்ற வீடியோக்காரர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

பாக்கெட் 4கேயில் 100 முதல் 1000 வரை முதல் பாதை, 1250 முதல் இரண்டாவது பாதை. நிழலில் 1000ஐவிட 1250 சுத்தமாக இருக்கும். ஆனால் 1250இல் ஹைலைட்டுக்கு மேலே இடம் குறைவு. மேடையின் சீரியல் பல்பும் ஜரிகையும் சீக்கிரம் பர்ன் ஆகும். 3200இல் அந்த இடம் திரும்பக் கிடைக்கும். நம் மேடை உதாரணத்துக்கு இரண்டு ஸ்டாப் ஏற்றினால் சரியாக 3200தான் வருகிறது. அந்தக் கேமராவில் இந்தப் பற்றாக்குறை பிரச்சினையே அல்ல.

ஆட்டோ கெயினைப் பற்றி என் கருத்து: ஓடிக்கொண்டே எடுக்கும் ஊர்வலத்துக்குத் தேவைப்படலாம், மேடைக்கு வேண்டவே வேண்டாம். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் குறுக்கே நடந்தால் கேமரா பயந்து கெயினை இறக்கும், மணமக்கள் இருண்டுபோவார்கள், அவர் போனதும் மெதுவாக ஏறும். இதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு. ஆட்டோ வைத்தே ஆகவேண்டும் என்றால் ஏஜிசி லிமிட்டை (ஆட்டோ கெயின் ஏறக்கூடிய உச்சம்) 12 டெசிபலில், அல்லது ஆட்டோ ஐஎஸ்ஓவின் மேல் எல்லையை உங்கள் கேமரா தாங்கும் எண்ணில் பூட்டிவிடுங்கள்.

மைனஸ் கெயினும் உண்டு. -3 டெசிபல் போட்டால் படம் கொஞ்சம் சுத்தமாகும், அதே அளவுக்கு அரை ஸ்டாப் ஒளி கூடுதலாகக் கேட்கும். பல கேமராக்களில் ஹைலைட் சீக்கிரமே தட்டையாகிவிடும். பச்சைத் திரை வைத்து எடுக்கும் குரோமா வேலைக்கு நல்லது, நமக்கு இல்லை.

கிரெய்ன்ஸைவிட மோசமானது

கெயின் ஏற்றிய படத்தை உண்மையில் கெடுப்பது பெரும்பாலும் நொடிக்கு எவ்வளவு டேட்டா பதிகிறது என்ற பிட்ரேட்தான். ஒவ்வொரு ஃபிரேமிலும் புள்ளிகள் இடம் மாறுவதால் வீடியோவைச் சுருக்கும் கோடெக் அதையெல்லாம் ‘அசைவு’ என்று எண்ணி அதற்கே பிட்டைச் செலவழிக்கிறது. முகத்துக்கும் சேலைக்கும் மிச்சம் இருக்காது. ஏவிசிஎச்டி ஃபார்மட்டின் 24 மெகாபிட்டில் 12 டெசிபல் ஏற்றினால் நிழலில் கட்டம் கட்டமாகப் படம் உடைவது இதனால். கிரெய்ன்ஸையாவது டீநாய்ஸ் செய்யலாம். கட்டமாக உடைந்ததை ஒன்றும் செய்ய முடியாது. அதே கேமராவில் 50 மெகாபிட் எக்ஸ்ஏவிசி ஃபார்மட் இருந்தால் இருட்டு நிகழ்ச்சிக்கு அதற்கு மாறுங்கள். கார்டு சீக்கிரம் நிரம்பும். கார்டு வாங்குவது மலிவு.

எட்டு பிட் கேமராவில் லாக் போட்டு உயர் ஐஎஸ்ஓவில் எடுப்பது இதே குழியில் இன்னும் ஆழமாக விழுவது. லாக் இருப்பது வெயிலும் நிழலும் ஒரே ஃபிரேமில் வரும் காட்சிக்கு. மங்கலான மண்டபத்தில் அந்த அளவு கான்ட்ராஸ்ட் இல்லை. லாக்கை விரித்து நிறம் ஏற்றும்போது கிரெய்ன்ஸும் சேர்ந்து விரியும். அங்கே சாதாரண புரொஃபைலே போதும், பிளாக் லெவலை ஒன்றிரண்டு இறக்கிக்கொள்ளலாம்.

எடிட்டிங்கில் தூக்குவது

இருட்டாக எடுத்துப் பிறகு தூக்கலாம் என்பது ராவுக்கு (சென்சார் தந்ததை ஏறத்தாழ அப்படியே பதியும் ஃபைல்) ஓரளவு பொருந்தும். பிளாக்மேஜிக் ராவில் ஒரே பேஸுக்குள் ஐஎஸ்ஓவை எடிட்டிங்கில் மாற்றுவதும் கேமராவில் மாற்றுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே ஐஎஸ்ஓ ஒரு குறிப்பு மட்டுமே. பேஸையே மாற்ற முடியாது, அதை எடுக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். எட்டு பிட் எம்பி4இலோ மொத்தம் 256 படிகள். இரண்டு ஸ்டாப் அண்டரான முகம் அதில் கீழே சில டஜன் படிகளுக்குள் அடைந்து கிடக்கும். அதை விரித்தால் கன்னத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். அந்தக் கேமராவில் கெயினை எடுக்கும்போதே ஏற்றிவிடுவது நல்லது.

டீநாய்ஸ் ஒரு நிஜமான ஐந்தாவது வழி, ஒரு ஸ்டாப் அளவுக்கு. டாவின்சி ரிசால்வின் கட்டணப் பதிப்பில், அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டுப் புள்ளியை நீக்கும் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் இருக்கிறது. நீட் வீடியோ தனி பிளகினாக பிரீமியர் உட்படப் பலவற்றில் ஓடும். டெம்போரலில் இரண்டு அல்லது மூன்று ஃபிரேம், லூமாவைவிட (வெளிச்சம்) குரோமாவுக்கு (நிறம்) இரட்டிப்பு அளவு. இது நல்ல தொடக்கம். நிறப்புள்ளிதான் அசிங்கம், கறுப்பு வெள்ளைப் புள்ளியைக் கண் மன்னித்துவிடும். ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டினால் மாலை போடும் கைக்குப் பின்னால் ஆவி போல ஒரு நிழல் வரும். டீநாய்ஸை முதல் நோடில் (திருத்தத்தின் முதல் படியில்) போட வேண்டும். கான்ட்ராஸ்ட் ஏற்றிய பிறகு போட்டால் பெரிதாக்கப்பட்ட புள்ளியை அது துணியின் நெசவு என்று எண்ணி விட்டுவைக்கும், அல்லது பட்டின் நெசவைப் புள்ளி என்று எண்ணி வழித்துவிடும். ரெண்டர் நேரம் பல மடங்காகும். மூன்று மணி நேர ஆல்பம் முழுக்கப் போடாமல், வேண்டிய ஷாட்டுக்கு மட்டும் போடுங்கள்.

காசில்லாத வைத்தியம் ஒன்று: கறுப்பைக் கீழே இறக்குங்கள். புள்ளிகள் வாழ்வது நிழலில். வேவ்ஃபார்மின் அடியை 8இல் இருந்து 2க்கு இழுத்தால் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

எந்தக் காட்சிக்கு எது

வரவேற்பு மேடைக்கு: லைட்டை அருகில் கொண்டுவந்து ஒரு ஸ்டாப், எஃப் 2.8 லென்ஸில் இன்னொரு ஸ்டாப். கெயின் 0. எஃப் 4 லென்ஸ்தான் என்றால் 6 டெசிபல்.

விடியற்கால முகூர்த்தம், ஹோமம்: லைட்டை ஏற்றினால் தீயின் நிறமே போய்விடும், புகை வெள்ளைத் திரையாக ஒளிரும். இங்கே மட்டும் கெயினை முதலில் எடுங்கள். 6 முதல் 12 டெசிபல், ஷட்டர் 1/50, தீயை வைத்து ஹைலைட் அளக்காமல் முகத்தை வைத்து அளங்கள். தீ பர்ன் ஆகட்டும். தீ என்றால் அப்படித்தான்.

டான்ஸ்: ஷட்டரைத் தொட முடியாது, ஃபோகஸ் ஆழமும் வேண்டும். எஃப் 2.8, மிச்சம் முழுக்கக் கெயின். விளக்குகள் நிறம் மாறிக்கொண்டே இருப்பதால் கிரெய்ன்ஸை யாரும் கவனிப்பதில்லை.

உட்கார்ந்து பேசும் பேட்டி: கெயினுக்கே இடமில்லை. லைட்டை வைக்க நேரம் இருக்கிறது, வையுங்கள்.

உங்கள் கேமராவின் எல்லை எது என்பதை நிகழ்ச்சிக்கு முன் வீட்டில் அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம். ஒரு கறுப்புத் துணி, ஒரு அரக்குப் பட்டு, ஒருவர் முகம், மஞ்சள் பல்பு ஒன்று. கெயினை ஒவ்வொரு படியாக ஏற்றி, ஏற்றிய அளவுக்கு ஐரிஸைச் சுருக்கி, முகத்தின் அளவு மாறாமல் பத்துப் பத்து நொடி எடுங்கள். எண்ணை வாயால் சொல்லிக்கொண்டே எடுத்தால் பிறகு தேட வேண்டாம். கேமரா திரையிலோ போனிலோ பார்க்காதீர்கள். வாடிக்கையாளர் பார்க்கப்போகும் பெரிய டிவியில், அவர் உட்காரும் தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள். கறுப்புத் துணியில் புள்ளி தெரிவது பரவாயில்லை. பட்டின் நெசவு கரையத் தொடங்கும் படி எதுவோ, அதற்கு ஒரு படி கீழே உங்கள் எல்லை.

பிறகு வரும் ஒரே ஆபத்து, இறக்க மறப்பது. உள்ளே 12 டெசிபலில் எடுத்துவிட்டு அப்படியே மாப்பிள்ளை அழைப்புக்கு வெயிலில் வந்தால், ஐஎஸ்ஓ 3200, 1/50 கணக்குக்கு ஐரிஸை எஃப் 16க்கு மூடினாலும் ஆறு ஸ்டாப் ஓவர். கேமரா ஆட்டோவில் இருந்தால் ஐரிஸைக் கடைசி வரை மூடி, ஷட்டரை 1/1000க்கும் மேலே தூக்கிச் சமாளிக்கும். படம் சாஃப்டாகவும் அசைவு வெட்டுவெட்டாகவும் வரும், கிரெய்ன்ஸும் அப்படியே இருக்கும். வாசற்படி தாண்டும்போது சுவிட்ச் ‘எல்’இல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் இல்லாத கேமராவில், 0 டெசிபலையோ பேஸ் ஐஎஸ்ஓவையோ ஒரே தட்டில் கொண்டுவரும் பட்டன் ஒன்றை மெனுவில் ஒதுக்கிவைத்துவிடுங்கள்.